இருபத்தொரு மயில் கழுத்துச் சட்டைகள்

ஒருவருக்குத் தெரியாமல் அவருக்கு மகிழ்ச்சி கொடுக்க நினைக்கிறவர்கள், முதலில் அவரிடம் நாலு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் ரகசியம் போய்விடும், உண்மைதான். கேட்காவிட்டால் மானம் போகும். நான் கேட்கவில்லை. அதனால்தான் என் சொந்தக் கல்யாண ரிசப்ஷனில், மேடையில் எனக்கும் என் கணவருக்கும் நிற்க இடமில்லாமல் போனது. மணமக்களுக்குப் போட்டிருந்த சிவப்பு சோபாவின் மேல் ஒரு கீபோர்டும் இரண்டு பாங்கோவும் உட்கார்ந்திருந்தன. கீழே முதல் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், மாலையும் கழுத்துமாக நாங்கள். இதற்கெல்லாம் காரணம் வேறு யாருமில்லை, நானேதான்.

அப்பா ஆரணியில் பட்டுத் தறிகளுக்கு டிசைன் அட்டை அடிக்கிறவர். புடவை முந்தியில் மயிலும் மாங்காயும் வரவேண்டிய இடத்தில் வரும்படி அட்டையில் ஓட்டை போடுகிற வேலை. சாயங்காலமானால் தபேலாவைத் தூக்கிக்கொண்டு 'வெள்ளித்தறி மெல்லிசைக் குழு'வின் தலைவராகிவிடுவார். இந்தக் குழுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வருத்தப்பட வேண்டாம். மேற்கே கண்ணமங்கலம், கிழக்கே செய்யார், இதைத் தாண்டி யாருமே கேள்விப்பட்டதில்லை. நடுவில் இருக்கிறவர்களிலும் பாதிப் பேர், "ஓ, அந்த சட்டைக்காரங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தச் சட்டைதான் விஷயம். குழு ஆரம்பித்த காலத்தில், எட்டுப் பேருக்கும் ஒரே தறியில், ஒரே நூலில், மயில் கழுத்து நிறத்தில் பட்டுத் துணி நெய்து சட்டை தைத்தார் அப்பா. நீலமா பச்சையா என்று விளக்கு வெளிச்சத்தில் யாராலும் சொல்ல முடியாத நிறம். நூல் எட்டுச் சட்டையோடு தீர்ந்தது. ஒன்பதாவது தைத்தால் நிறம் ஒட்டாது. அதனால் ஆள் மாறினாலும் சட்டை மாறாது. அக்கார்டியன்காரர் துபாய் போனார், அவர் சட்டை புல்லாங்குழல்காரருக்கு வந்தது. முதல் டிரம்மர் மணி மாமா போய், அவரைவிட ஒரு சுற்று பெருத்த இரண்டாவது டிரம்மர் வந்தார், இடுப்பில் பிரித்துத் தைத்தார்கள். அவர் போய் ஒல்லியாக ஒருவர் வந்தார், பிடித்துத் தைத்தார்கள். பாடகர்கள் மட்டும் நாலு பேர் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் டைலர் எழுதிக் கொடுத்த அளவையெல்லாம் அம்மா ஒரு பழைய டைரியில் ஒட்டி வைத்திருந்தார். எங்கள் குழுவுக்கு வரலாறு என்று ஒன்று உண்டென்றால் அது அந்த டைரிதான். மார்பு முப்பத்தாறு, கை இருபத்துமூன்று என்று எழுதப்பட்ட வரலாறு. (பாடகிகளுக்குச் சட்டை கிடையாது. அவர்கள் சொந்தப் புடவையில் வருவார்கள், சொந்தக் கோபத்தில் போவார்கள். போகும்போது காரணத்தை அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போவார்கள்.)

எட்டுச் சட்டையும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு அப்பா ஒவ்வொன்றாக மடித்து, நியூஸ்பேப்பரில் சுற்றி, மொபெட்டில் போய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார். பேப்பர் மை ஒட்டக்கூடாதென்று காலரை உள்ளே தள்ளி மடிப்பார். கச்சேரி முடிந்ததும் வாங்கி வந்துவிடுவார். அம்மா பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவார். சட்டை போவதையும் வருவதையும் நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் வீட்டுக்குப் போகாமல் நின்றுபோனதை எப்படிப் பார்ப்பது? போகாத ஒன்றை யார் கவனிப்பார்கள்?

நான் வளர்ந்து, படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போன காலத்தில், சட்டைகளுக்கு அக்குளில் வயதாகிவிட்டது. குழு அப்பாவையும் சேர்த்து ஐந்து பேராகச் சுருங்கி, கறுப்பு டி-ஷர்ட்டுக்கு மாறியது. கச்சேரித் தகவல் வாட்ஸப்பில் போனது. என் கல்யாணம் நிச்சயமானபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இத்தனை வருஷம் அப்பாவோடு வாசித்த பழைய ஆட்கள் எல்லோரையும் தேடிப் பிடித்து, எல்லோருக்கும் அதே மயில் கழுத்து நிறத்தில் சட்டை கொடுத்து, ரிசப்ஷனுக்கு வரவழைத்தால் எப்படி இருக்கும்? அப்பா திரும்பிப் பார்க்க வேண்டும், கூட்டம் முழுக்க மயில் கழுத்தாகத் தெரிய வேண்டும். நினைத்தபோதே எனக்குக் கண் கலங்கியது. என் அறிவின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

அம்மாவின் டைரியில், அப்பாவை விட்டுவிட்டால், இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். மீதி இருபது பேருக்கும், தெரிந்த ஒரு தறிக்கார அக்காவிடம் சொல்லி அப்பாவுக்குத் தெரியாமல் துணி நெய்து, டைரியில் இருந்த அளவுப்படியே தைத்தேன். (அந்த அளவெல்லாம் எடுத்துப் பதினைந்து, இருபது வருஷம் ஆகிறதே, மனிதர்கள் நடுவில் சாப்பிட்டிருப்பார்களே என்று எனக்குத் தோன்றவில்லை.) துணி கொஞ்சம் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா லோகநாதனுக்கு மரியாதையாக ஒரு சட்டை. அவர் செய்யாரில் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர், பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆக இருபத்தொன்று.

கொடுக்கும்போது அப்பா செய்வதுபோலவே நியூஸ்பேப்பரில் சுற்றினேன். அது போதாதென்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொய்யும் சொன்னேன். "அப்பா கொடுக்கச் சொன்னார் மாமா." என் பெயரைச் சொல்வதைவிட அப்பா பெயரைச் சொன்னால் இன்னும் சந்தோஷப்படுவார்களே என்ற நல்லெண்ணம்தான்.

சந்தோஷப்பட்டார்கள். மணி மாமா பேப்பரைப் பிரித்ததும் அழுதேவிட்டார். ஆரணிப் பட்டுக்கு இவ்வளவு மதிப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தினி மணிக்குப் பாப்பா?" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அஞ்சரைக்கு வந்துடுங்க மாமா."

"இன்னா பேச்சு இது? நாலரைக்கே வந்து எல்லாம் செட் பண்ணிடறேன்."

நாற்காலி போட உதவிக்கு வருகிறார் போலிருக்கிறது, என்ன மனசு இவருக்கு என்று நெகிழ்ந்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கண்ணமங்கலத்தில் இரண்டாவது பாடகர் ஆணிக்கடை வைத்திருந்தார். சட்டையைப் பார்த்ததும் ஆணி நிறுத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, வாடிக்கையாளரைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நான் கூல் டிரிங்ஸ் குடிக்க மாட்டேன், தொண்டை" என்றார். உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். ஒரு மனுஷி இவ்வளவு தூரம் எதையுமே புரிந்துகொள்ளாமல் ஸ்கூட்டர் ஓட்ட முடியும் என்பதற்கு நானே சாட்சி.

கடைசியாகத் தரணேந்திரன் மாமா வீடு. திருமலைப் பக்கம் கிராமம். நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். அவருக்காகவே அந்தக் காலத்தில் கச்சேரிக்குப் போகிற வழியில் ஐந்தரைக்கு வண்டியை நிறுத்துவார் அப்பா. முதல் செட்டில் கிடார் அவர்தான். அப்பாவும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து வாசித்தவர்கள். எனக்கு ஏழெட்டு வயது வரை எங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் வருவார். பிறகு வருவது நின்றுவிட்டது. ஏன் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் பொட்டலத்தை வாங்கினார். மெதுவாகப் பிரித்தார். சட்டையை விரிக்காமல், மடித்தது மடித்தபடியே மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவா குடுத்தாரு?"

"ஆமா மாமா."

"அவரே மடிச்சாரா?"

"ஆமா மாமா. அவரேதான்." (ஒரு பொய்க்கு இரண்டாகச் சொல்வதில் எனக்குக் கஞ்சத்தனமே கிடையாது.)

"செரி. சாப்ட்டுட்டு வந்துடறேன்" என்றார். அவர் மனைவி உள்ளே போய்ப் பரண்மேல் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

ரிசப்ஷன் அன்று நாலரை மணிக்கு நான் முகத்தில் பாதி மேக்கப்போடு இருந்தேன். மண்டப மேனேஜர் கதவைத் தட்டினார். "இன்னாம்மா, ஒரு ரிசப்சனுக்கு எத்தினி பார்ட்டி புக் பண்ணிகிறீங்க? வாசல்ல மூணு டிரம்ஸ் செட்டு வந்து நிக்குது. எங்க வெக்கறது, என் தலை மேலயா?"

எட்டிப் பார்த்தேன். மினி வேனிலிருந்து மணி மாமா டிரம்ஸ் இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டாவது டிரம்மரும் மூன்றாவது டிரம்மரும். ஆட்டோவில் கீபோர்டு வந்தது. துபாயிலிருந்து எப்போதோ திரும்பிவிட்ட அக்கார்டியன் பஸ்ஸிலிருந்து இறங்கியது. எல்லோரும் மயில் கழுத்துச் சட்டையில். பழைய அளவு ஆகையால் யாரும் முழு மூச்சு விடவில்லை. ஆணிக்கடைக்காரர் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார், மேலிருந்து இரண்டாவது பட்டன் தெறித்து ரோஸ் மில்க் டம்ளரில் விழுந்தது.

அப்பா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். முதல் மயில் கழுத்தைப் பார்த்ததும் சிரித்தார். இரண்டாவதைப் பார்த்ததும் சிரிப்பு குறைந்தது. ஐந்தாவதில் கிண்ணத்தை அத்தையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தேடிப் போனபோது சமையல் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, யாரு இவங்களுக்குச் சட்டை குடுத்தது?"

"நான்தாம்பா! சர்ப்ரைஸ்! எப்படி?"

"இன்னா சொல்லிக் குடுத்த?"

"நீங்க கொடுத்ததா..."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்த எந்தத் தப்புக்கும் அவர் கண்ணை மூடியதில்லை. கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டபோதுகூட.

பிறகு அந்த மூட்டை மேல் உட்கார்ந்தபடியே சொன்னார். சட்டை வந்தால் வாசிக்க வேண்டும், வராவிட்டால் இல்லை, அதுதான் குழுவின் ஒரே சட்டம். யாரையும் அவர் நீக்கியதே கிடையாது. ஒருவரைப் பார்த்து 'நீ வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் சட்டையை வேறொருவர் வீட்டில் கொடுத்துவிட்டு, அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிடுவார். வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொருவரும் இத்தனை வருஷமாக, அடுத்த கச்சேரிக்காவது சட்டை வருமென்று காத்திருந்தவர்கள்.

"தரணியும்தான்" என்றார். "கிடார் சவுண்டு கீபோர்டுலயே வருதுன்னு ஒரு பையன் சொன்னான். நான் நம்பிட்டேன். அவன் சட்டைய கீபோர்டுக்குக் குடுத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லல. பதினேழு வருஷம் ஆச்சு. அவனுக்குமா குடுத்த?"

"அவருக்குத்தாம்பா கடைசியா."

"இப்ப அவன் வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு பாக்கறது?" என்றார். அப்பா குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். சிநேகிதனை இழந்துவிட்டு ஒரு மனுஷன் பதினேழு வருஷமாக எங்கள் வீட்டிலேயே நடமாடியிருக்கிறார், நான் அவர் எதிரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டிருக்கிறேன்.

"நீயே போயி சொல்லிடு பாப்பா. இது சும்மா அன்பளிப்பு, வாசிக்கறதுக்கு இல்லன்னு."

"நீங்க சொல்லுங்கப்பா."

"சொல்ல முடிஞ்சா நான் ஏன் சட்டை தெக்கறேன்?"

பட்டுப்புடவையும் பாதி மேக்கப்புமாக மேடை ஏறினேன். அதற்குள் அங்கே நிற்கவே இடமில்லை. அப்பாவின் இப்போதைய கறுப்பு டி-ஷர்ட்காரர்கள் நாலு பேரும் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்திறங்கிய லோகநாதன் சித்தப்பாவை மூன்று பேர் சூழ்ந்திருந்தார்கள்.

"நீங்க எந்த செட்டு? பாத்த ஞாபகமே இல்லியே."

"நான் பி ஷிப்டுங்க" என்றார் சித்தப்பா. அவர் கையில் யாரோ ஏற்கெனவே ஒரு கஞ்சிராவைத் திணித்திருந்தார்கள்.

மைக்கை வாங்கினேன். தொண்டையைச் செருமினேன். அப்போது மணி மாமா, டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "பாப்பா, மொதப் பாட்டு நான் வாசிக்கலாமா? ரொம்ப நாள் ஆச்சு."

எனக்கு அன்றுதான் தெரிந்தது, மூக்கு மட்டுமல்ல, இந்த வாயும் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று. "இப்போ எல்லாரும் சேர்ந்து வாசிப்பாங்க!" என்று மைக்கில் அறிவித்துவிட்டு இறங்கி ஓடினேன்.

நாலு காலத்துப் பாடகர்களுக்கும் பொதுவாகத் தெரிந்த பாட்டு ஒன்று இருந்தது, குழு முதல் நாளிலிருந்து வாசிக்கிற பிள்ளையார் பாட்டு. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு செட்டும் அதை அந்தந்தப் பாடகருக்கு ஏற்ற சுருதியில் வாசித்துப் பழகியவர்கள். முதல் செட் ஒரு கட்டை. இரண்டாவது நாலரை. மூன்றாவது இரண்டு. நாலாவது பாடகருக்குக் கட்டையே கிடையாது. நாலும் ஒரே சமயத்தில் கிளம்பின. மூன்று டிரம்ஸ் மூன்று வேகத்தில் அவற்றைத் துரத்தின. தொட்டிலில் இருந்த குழந்தைகளெல்லாம் ஒன்றாக எழுந்து அழுதன. மொய்க் கவரோடு வரிசையில் நின்ற என் ஆபீஸ் மேனேஜர், மரியாதைக்காகக் கைதட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து பந்திக்குப் போனார். என் கணவர் பாஸ்கர் என் காதில் கத்தினார்: "உங்க ஊர்ல இது இன்னா சடங்கு?"

சரணத்தில் ஆணிக்கடைக்காரர் உச்ச ஸ்தாயிக்குப் போனார். மீதி பட்டன்களும் போயின. அதே நொடியில், அத்தனை ஆம்ப்ளிபயரையும் தாங்காமல் மண்டபத்து மெயின் ஃபியூஸும் போனது.

திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றி நின்றன. ஜன்னல்கள் வழியே சாயங்கால வெளிச்சம் மட்டும் உள்ளே கிடந்தது. எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். தரணேந்திரன் மாமா நின்றுகொண்டிருந்தார். மயில் கழுத்துச் சட்டை. அவருக்கு மட்டும் அளவு அப்படியே இருந்தது. தோளில் கரெண்டு வேண்டாத பழைய மரக் கிடார்.

ஸ்டோர் ரூமிலிருந்து அப்பா வந்தார். ஓடிவிடுவார் என்றுதான் நான் பயந்தேன். நேராக அவர் எதிரில் போய் நின்றார். கூட்டம் முழுக்கக் கேட்க, வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொன்னார்.

"தரணி, இந்தச் சட்டைய நான் அனுப்பல. பாப்பா அனுப்புனது. எனக்குத் தெரியாது. நான் அனுப்பியிருக்கணும், அப்பவே. அனுப்பல. தப்பு என்னுதுதான்."

"தெரியும்" என்றார் தரணேந்திரன் மாமா.

"இன்னா தெரியும்?"

"நீ காலர உள்ள மடிப்ப. இது வெளிய மடிச்சிருந்துச்சு. பிரிக்கசொல்லவே தெரியும்."

அப்பா அவர் காலரைத் தொட்டுப் பார்த்தார். "அப்பறம் ஏண்டா வந்த?"

"சட்டை வந்துச்சே" என்றார் அவர்.

அப்பா அழுதார். நான் அழுதேன். மேக்கப் போட்டிருந்த பாதி முகத்தை நான் காப்பாற்ற முயன்றதாக பாஸ்கர் இன்றும் சொல்கிறார், அது பொய். கரெண்டு வர ஒரு மணி நேரம் ஆகும் என்று மண்டப மேனேஜர் வந்து சொன்னார். யாரும் அதற்காக அலுத்துக்கொள்ளவில்லை. தரணேந்திரன் மாமா மேடை விளிம்பில் உட்கார்ந்து, கிடாரில் ஒரு சுருதியைப் பிடித்து, "எல்லாரும் இதுல வாங்க" என்றார். அப்பா பக்கத்தில் தபேலாவை இழுத்துப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சுருதிக்கு இறங்கினார்கள், ஏறினார்கள். மைக் இல்லாமல் அந்தப் பிள்ளையார் பாட்டை அவர்கள் மறுபடியும் பாடினார்கள். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். மணி மாமா இரண்டு இடத்தில் விட்டார். லோகநாதன் சித்தப்பா எங்குமே பிடிக்கவில்லை. ஆனால் பந்தியிலிருந்து ஆட்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து கேட்டார்கள்.

இப்போது எங்கள் ஆறு வயது மகள் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வாள். அன்றிலிருந்து வெள்ளித்தறி குழுவில் இருபத்தாறு பேர். அவ்வளவு பேரை யாரும் கூப்பிடுவதில்லை. மேடை கொள்ளாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்பாவோ ஒருவரைக்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறார். வருஷத்துக்கு இரண்டு மூன்று கோயிலில் வாசிக்கிறார்கள். கறுப்பு டி-ஷர்ட்காரர்களுக்கும் மயில் கழுத்து வந்துவிட்டது. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா எல்லா வீட்டுக்கும் மொபெட்டில் சட்டை கொண்டுபோகிறார், பின்னால் தரணேந்திரன் மாமா உட்கார்ந்துகொண்டு வழி சொல்கிறார். செய்யாருக்கும் போகிறார்கள். சித்தப்பா கச்சேரிக்காக ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார். தாளம் மட்டும் இன்னும் வரவில்லை.

வீட்டில் யாரையாவது எதற்காவது கூப்பிட மறந்தால், "எனக்குச் சட்டை வரல" என்பதுதான் இப்போது பேச்சு. இதை அதிகம் சொன்னவர் பாஸ்கர். "என் சித்தப்பாவுக்கு வந்துச்சு, கல்யாண மாப்பிள்ளை எனக்கு வரல" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் எல்லோர் முன்னாலும் அப்பாவை வம்புக்கு இழுப்பார். அப்பா சிரித்துவிட்டு, "உனக்கு இன்னா வாசிக்கத் தெரியும்?" என்பார். ஒன்றும் தெரியாதுதான்.

போன மாதம் சென்னைக்கு, நியூஸ்பேப்பரில் சுற்றி ஒரு பார்சல் வந்தது. பாஸ்கர் பெயருக்கு. உள்ளே பழைய சட்டை, முதல் எட்டில் ஒன்று. அக்குளில் அம்மா கையால் போட்ட தையல். தபேலாவில் கை உரசி வலது கை நுனி வெளுத்திருந்தது. அப்பாவின் சொந்தச் சட்டை. காலர் உள்ளே மடித்திருந்தது.

கேலி செய்வார் என்று நான் காத்திருந்தேன். பாஸ்கர் அதை விரிக்காமல், மடித்தது மடித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தினி மணிக்கு வரணுமாம்?"